வாக்காளர் என்றால் மற்ற ஆட்கள்

லண்டனில் வோட்டுப் போட வருகிறவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தேவாலய மண்டபத்து வாசலில் அதைக் கட்டிவிட்டு, உள்ளே போய்ச் சீட்டில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டுவிட்டு, அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளூர் வாக்கெடுப்புகளை ஆராய்கிறேன் என்று தெற்கு லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்த புதிதில், சனத்தைப் பேட்டி காண்பதை விட்டுவிட்டு நான் நாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வளர்ந்தது சுவிஸில். அங்கே எதற்கெடுத்தாலும் வாக்கெடுப்பு: பள்ளிக்கூடத்துக் கூரைக்கு, பாலத்துக்கு, ஒருநாள் என் அப்பாவின் குடியுரிமைக்கும். எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஊர்ச்சபை கை உயர்த்தியது. கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ரோசம், அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. எனக்கோ வேறு விசர் பிடித்தது. வாக்கெடுப்பைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கினேன். வோட்டு மட்டும் ஒருநாளும் போட்டதில்லை.

இங்கே எங்கள் வட்டாரத்தில் எத்தனை மாடிவரை கட்டலாம் என்ற திட்டத்துக்கு வாக்கெடுப்பு அறிவித்தார்கள். கவுன்சில் அதிகாரியைப் பேட்டி காணப் போனேன்.

"நீங்கள் பதிந்துவிட்டீர்களா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"நான் வெளிநாட்டுக்காரி."

"எந்த நாடு?"

"சிறீலங்கா."

"அப்படியென்றால் கொமன்வெல்த். அந்த நாட்டவருக்கு இங்கே வோட்டு உண்டு. விசாவும் இருக்கிறது. பதியுங்கள், போடலாம்."

இந்த ஊரில் பகிடி விடுகிறவர் சிரிக்கமாட்டார். அவர் சிரிக்கவில்லை, பகிடிதான் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், மனிதன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து தந்தார்.

ஆராய்கிறவளுக்கு இந்தச் சட்டம் தெரியாதா என்பீர்கள். எத்தனையோ தடவை வாசித்ததுதான். 'வாக்காளர்' என்று வந்தால் மற்ற ஆட்கள் என்றே வாசித்துப் பழகிப்போனேன்.

பதிந்தேன். வாக்கெடுப்பு நாளன்று என் கல்யாணக் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"விசரே உமக்கு? நாலு மாடியோ ஆறு மாடியோ எண்டதுக்குக் கூறையோ?"

"ஓம், விசர்தான். கதையாமல் காரை எடுங்கோ."

மண்டபத்து வாசலில், கட்டியிருந்த நாய்களோடு நானும் நின்றேன். வெளியே நில் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மேசையில் இருந்த பெண் அடையாள ஆவணம் கேட்டாள். என்னிடம் இருந்தது சிறீலங்கா பாஸ்போட். விமான நிலையமெல்லாம் என்னை ஓரமாக நிறுத்திவைத்த அதே பாஸ்போட். அவள் படத்தைப் பார்த்தாள், என் பெயரைக் கடித்துக் குதறி வாசித்தாள், "லவ்லி சாரி" என்று சேலையை மெச்சி வாக்குச்சீட்டை நீட்டினாள். மேசைக்கு மேலால் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது எனக்கு!

தடுப்புக்குள் பலகை சொரசொரத்தது. எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும் போலிருந்தது. பாஸ்போட்டைக் கீழே வைத்து, அதன்மேல் சீட்டை விரித்தேன். குண்டுக்குப் பயந்து நாங்கள் விட்டுவந்த நாடு கீழே, நான் இன்னும் குடிமகளாகாத நாடு மேலே. இத்தனை வருடத்து ஆசையையும் சேர்த்து அழுத்திப் புள்ளடி போட்டேன். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், பாஸ்போட் அட்டையில் இருந்த சிறீலங்கா சிங்கத்தின் முதுகிலும் என் புள்ளடி பதிந்திருந்தது.