வேம்பில் தொங்கிய சாம்பல் வாளி

யார் வீட்டில் எதை வீசப்போகிறார்கள் என்பதில்தான் கலைச்செல்விக்குக் கண். தச்சநல்லூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் கிடந்ததை மண் என்றே சொல்ல முடியாது. செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கொட்டி மேடாக்கிய இடம். ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகு, அதைத் தோட்டமாக்கியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். காய்கறித் தோல், முட்டை ஓடு, டீக்கடைச் சக்கை எல்லாவற்றையும் சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தாள். சாம்பலுக்கு மட்டும் தெருவை நம்பினாள். விறகில் வெந்நீர் போடுகிற வீடுகளுக்குப் பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தாள். நிறைந்ததும் வாசலில் மாட்டுவார்கள். இவள் எடுத்துப்போய்த் தோட்டத்தில் தட்டிவிட்டு வாளியைத் திரும்ப மாட்டிவிடுவாள்.

எதிர்வீட்டுக் கொம்பையாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. சாணம் நாறுகிறது என்று தெருவையே கூட்டியவர் அவர். "ஒரு பிடி சாம்பல்கூட இந்த வீட்டுலேருந்து போகக் கூடாது" என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுடலைவடிவு சரி சரி என்று தலையாட்டுவாள். அவர் வெளியே போன நேரம் பார்த்து வாளியை வாசல் வேம்பில் மாட்டிவிடுவாள்.

அப்படிப்பட்ட மனுஷன் திடுதிப்பென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். மஸ்கட்டில் இருந்த ஒரே மகன் மாரிசெல்வத்துக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர் அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலையில் வேம்பில் வாளி தொங்குவதைப் பார்த்தாள் கலைச்செல்வி. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்களுக்கெல்லாம் வெந்நீர் போட்டு, அந்த வீட்டு அடுப்பு அணையவே இல்லையே. இத்தனை துக்கத்திலும் சுடலைவடிவு அக்கா நம்மை மறக்கவில்லை பார் என்று உருகிப்போய் வாளியை எடுத்துவந்தாள். விதை ஊன்றிய பாகல் பாத்தியில் சாம்பலைத் தட்டி, மண்ணோடு கிளறி, தண்ணீரும் விட்டாள். விரலில் வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. முட்டை ஓடு என்று நினைத்து எடுத்தாள். முட்டை ஓடு இவ்வளவு கனமாக இருக்காது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாரிசெல்வம் இறங்கினான். கொள்ளி வைத்த பெரியப்பா மகன் அவனிடம் சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது.

"மண்பானை வழியிலயே விரிசல் விட்டுட்டு, தம்பி. மரத்துல ஒரு வாளி சும்மா தொங்கிச்சு. அஸ்திய அதுலதான் மாத்தி வச்சிருக்கேன். வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதுல்லா, அதான் அங்கனயே மாட்டியாச்சு. நீ குளிச்சிட்டு வா, ஆத்துல கரைச்சிருவோம்."

கலைச்செல்வி கையிலிருந்த எலும்புத் துண்டை மெல்லப் பாத்தியிலேயே வைத்தாள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்பன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்து நிற்கிறான் பிள்ளை. அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் பாகல் விதைக்குப் போட்டுத் தண்ணீர் விட்டாயிற்று.

எதிர்வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் வீட்டு அடுப்படியில் சாம்பல் இருந்தது. சாம்பலில் பெயரா எழுதியிருக்கிறது? யாருக்குத் தெரியப்போகிறது? மளமளவென்று அள்ளி வாளியை நிரப்பி மூடினாள். தெருவைத் தாண்டிப்போய் வேம்பில் மாட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து கதவருகில் நின்றவளால் உள்ளே போக முடியவில்லை.

மாரிசெல்வம் ஈர வேட்டியோடு வந்து வாளியை எடுத்தான். நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"மொகத்தக்கூடக் காட்டாமப் போயிட்டியளேப்பா."

சுடலைவடிவு வாசற்படியில் நின்று கையை மட்டும் நீட்டி வாளியைத் தொட்டாள். "பைய கொண்டு போலே. உங்கய்யாவுக்கு அவசரம் ஆகாது" என்றாள்.

அது கலைச்செல்வி காலையில் இட்லி அவித்த தென்னமட்டைச் சாம்பல். அதைத்தான் அக்கா அவ்வளவு ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. கலைச்செல்வி ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றுவிட்டாள்.

"போகாதிய. அது அண்ணாச்சி இல்ல" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், தன் அடுப்புச் சாம்பலை மாட்டியது உட்பட.

பெரியப்பா மகன் அவளைக் கிழி கிழியென்று கிழித்தான். மாரிசெல்வம் பார்த்த பார்வைக்கு அவன் அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் படி இறங்கக் கூடாது என்பார்கள். சுடலைவடிவு இறங்கினாள். தெருவைத் தாண்டி நேராகத் தோட்டத்துக்கு வந்தாள்.

"எங்கனட்டி?"

கலைச்செல்வி காட்டினாள். மாரிசெல்வம் வாளியைத் தூரத்தில் கவிழ்த்துவிட்டு வந்து பாத்தியருகில் மண்டியிட்டான். எலும்புத் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து வாளியில் போட்டான். பிறகு சாம்பல் கலந்த ஈர மண்ணைக் கையால் வழித்தான். ஊன்றிய விதைகளும் கூடவே வந்தன. பாத்தியே போனாலும் போகட்டும் என்றுதான் கலைச்செல்விக்கு இருந்தது.

"போதும்லே" என்றாள் சுடலைவடிவு. "எல்லாத்தையும் வழிக்காத. மிச்சம் இங்கன கெடக்கட்டும்."

"என்னம்மா சொல்லுத?"

"நான் சொல்லுதேன், கெடக்கட்டும்."

அவன் வாளியோடு ஆற்றுக்குப் போனான். சுடலைவடிவு பாத்தியோரம் உட்கார்ந்து, மகன் பறித்த பள்ளத்தைக் கையால் நிரவினாள்.

"என்ன வெதட்டி போட்டிருந்த?"

"பாவக்கா, அக்கா."

"காய்ச்சதும் மொதக் காய எனக்குத் தா. அந்த மனுசன் இருந்த வரைக்கும் உன் தோட்டத்துக் காய ஒரு நாள் வாங்க விடலியே."

கலைச்செல்வி உள்ளே போய் மிச்ச விதையைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள்.