தனி ஆளுக்கு அறை இல்லை

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நானும் சிரித்தவன்தான். யாராவது பேய்க்கதையை ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வருகிற ஆள், ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அப்படியே இருந்தேன். இப்போது நம்புகிறேனா என்பதை விடுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

கடற்கரைச் சாலையிலேயே, கடல் இடது கைப் பக்கம் இருக்க, காரில் கன்னியாகுமரி வரை போவது என்று கிளம்பினேன். பெரிய ஓட்டல் கிடையாது, போனில் பதிவு செய்கிற இடம் கிடையாது, ஒரே ஆள் நடத்துகிற நாலு அறை லாட்ஜ்களில் மட்டும்தான் தங்குவது. அப்படிப்பட்டவை எந்த வரைபடத்திலும் இருக்காது. ஐஸ் கம்பெனி வாசலில் லாரி டிரைவரிடம் கேட்க வேண்டும், டீக்கடையில் கேட்க வேண்டும், அவர்கள் கை காட்டுகிற மாடிப்படியில் ஏற வேண்டும். என் மனைவி கலா மூன்று ராத்திரி தாங்கினாள். நாலாம் நாள் நாகப்பட்டினத்தில், "நீங்க கடலைப் பாத்துக்கிட்டே போங்க, நான் வீட்டுக்குப் போய் தாழ்ப்பாள் போடுற பாத்ரூமைப் பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை.

அதற்கப்புறம் இரண்டு ராத்திரி, எப்படியோ அறை கிடைத்தும், எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு ராத்திரி ஜெனரேட்டர், ஒரு ராத்திரி கொசு. மூன்றாம் நாள் மத்தியானம் மணமேல்குடியைத் தொட்டபோது கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது, சாலை வளைவே இல்லாமல் நீண்டுகொண்டே போனது, இரண்டு பக்கமும் கருவேலம், வெயில் ஒரு வெள்ளைத் துணியைப் போல முகத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. இனி ஓட்டினால் எங்காவது மோதிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. ஒரு கட்டில் வேண்டும், அவ்வளவுதான்.

மணமேல்குடியில் முதல் லாட்ஜ்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாரும் வரலைங்களா?"

"இல்லைங்க, நான் மட்டும்தான்."

"ஒத்த ஆளுக்கு ரூம் குடுக்கிறதில்லைங்க. கோவிச்சுக்கிறாதீங்க."

காரணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தனியாக வருகிறவன் சாக வருகிறான் என்ற பயம். அப்புறம் போலீஸ், விசாரணை, அந்த அறையை யாரும் எடுக்க மாட்டார்கள்.

"நான் சாக வரலைங்க, தூங்க வந்திருக்கேன்" என்றேன்.

"எல்லாரும் அப்புடித்தாங்க சொல்றாங்க. அங்கிட்டு கோட்டைப்பட்டினத்துல கேட்டுப் பாருங்க."

கோட்டைப்பட்டினத்தில் கல்லாவில் ஒரு பெண் இருந்தார். நல்ல மாதிரி. என் பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், மாத்திரை அட்டையை எடுத்து இது எதுக்கு என்றார், பிரஷருக்கு என்றேன். "வீட்டம்மா ஒரு வார்த்தை பேசிட்டாங்கன்னா குடுத்துர்றேங்க." கலாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீசில் இருப்பாள், சைலண்டில் போட்டிருப்பாள்.

"சண்டையா?"

"இல்லைங்க."

"சண்டைன்னாகூடப் பரவாயில்ல, சமாதானம் ஆயிரும். சண்டையுமில்ல, போனும் எடுக்கலைன்னா எனக்குப் பயமா இருக்குங்க." என் ஆதார் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார், ஏதோ துக்க வீட்டில் கொடுப்பது போல.

வேடிக்கையைப் பாருங்கள். தங்கள் அறையில் நான் செத்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் என்னை மறுபடி அந்தச் சாலைக்கே அனுப்பினார்கள், நான் உண்மையில் சாகக்கூடிய ஒரே இடத்துக்கு.

கோட்டைப்பட்டினம் தாண்டியதும் ஒரு சின்னப் பாலம். பாலத்தின் வெள்ளைக் கைப்பிடிச் சுவர் எதிரே வந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், கார் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். ஹேண்ட் பிரேக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்திருந்தது. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. நான்தான் இழுத்திருப்பேன் என்று நினைத்தேன், வேறு என்ன நினைப்பது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துத்தான் அந்தப் பிரேக்கை இறக்க முடிந்தது.

ஜெகதாப்பட்டினத்தில் போட் எஞ்சின் சாமான் விற்கிற கடைக்கு மேலே நாலு அறை. நடத்துகிறவர் பெயர் ஆரோக்கியம், அறுபது இருக்கும், பனியனோடு மாடிக் கைப்பிடியில் சாய்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியேறிப் போனேன். மறுபடி அதே கேள்வி வரும், இந்த முறை கேட்டால் அந்தப் படியிலேயே படுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. நோட்டைத் தள்ளினார், பெயர் எழுதச் சொன்னார், ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்துவிட்டு, "ஏங்க, அவரு ஏன் வண்டியிலயே ஒக்காந்திருக்காரு? வெந்துருவாருங்க. மேல வரச் சொல்லுங்க" என்றார்.

கீழே பார்த்தேன். என் கார் மட்டும்தான் நின்றது. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே எதுவும் தெரியவில்லை. ஆள் தப்பாகப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சாவி மறுபடி ஆணிக்குப் போய்விடும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வருவார்" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். பொய் என்று நினைத்துச் சொன்னது. ஆனால் ஒருவரை உள்ளே விடுவதற்கும் அந்த ஒரு சொல் போதுமே.

பயமுறுத்துகிற மாதிரி ஏதாவது பார்த்தேனா என்றால் இல்லை. நான் எதையுமே பார்க்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்தேன், மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்த காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது, கடலுக்கடியில் கல் இறங்குவது போலத் தூக்கத்தில் இறங்கினேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது. இப்படி ஒரு தூக்கம் சின்ன வயதிலும் தூங்கியதில்லை.

கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அறையைப் பார்த்தபடி. ஆரோக்கியம் டீயோடு வந்தார்.

"நல்ல ஆளைத்தான் கூட்டியாந்திருக்கீங்க. ராத்திரி பூராம் இதுலயே ஒக்காந்திருந்தாரு. உள்ள போய்ப் படுங்கன்னேன், அவரு தூங்கட்டும், நான் தூங்குறதில்லைன்னாரு. சாப்புடக் கூப்புட்டேன், வரலை. ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"எப்படி இருந்தார்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னங்க, ஒங்ககூட வந்தவரை எங்கிட்டக் கேக்குறீங்க? ஒல்லியா, ஒங்க வயசுதான் இருக்கும். பாவம், ஒங்களை விட அவருக்குத்தாங்க அசதி. மொகமே அப்படியே..." என்று கையால் கீழே இழுத்துக் காட்டினார்.

"இப்போ எங்கே?"

"விடியுமுன்னமே எறங்கிப் போயி வண்டியில ஒக்காந்துட்டாரே. அந்தா."

காரை நேற்றே பூட்டியிருந்தேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. முன்சீட்டில் யாரும் இல்லை, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், யாருமே இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் காரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். பதிலுக்கு யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும், "இந்தா வந்துட்டாருங்க" என்று கத்திச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? ஓடியிருப்பீர்களா, எங்கே? எனக்கு அந்தக் கார்தான் இருந்தது. இறங்கிப் போய் ஏறி உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். இடது சீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, கடலும் அந்தப் பக்கம்தான் இருந்தது, அதையும் பார்க்கவில்லை. தொண்டி தாண்டிய பிறகு வேறு சாலை பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கலா, ஏன் பாதியில் வந்தீர்கள் என்றாள். அசதி என்றேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு வேலையாக எத்தனையோ ஊருக்குத் தனியாகப் போயிருக்கிறேன். ஒரு லாட்ஜிலும் எனக்கு அறை இல்லை என்று சொன்னதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டை போனோம், நானும் கலாவும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ். கல்லாவில் இருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு, "மூணு பேருக்குன்னா எக்ஸ்ட்ரா பெட் போடணுங்க" என்றார். "ஏம்மா, எங்களைப் பாத்தா ஏமாந்தவங்க மாதிரியா இருக்கு? ரெண்டு பேருதான நிக்கிறோம்" என்று கலா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்காமல் என்னையே பார்த்தார்.

"போடுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த ஆளும் எங்காவது படுக்கட்டுமே என்று தோன்றியது.

காலையில் நான் அந்தப் படுக்கைப் பக்கம் திரும்பாமல் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கலா அதன் கால்மாட்டில் நின்று விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அதை மெதுவாக மடித்து வைத்தாள். என்ன பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.