கை தேர்ந்த பிறகு

மராத்தி பேசும் கட்கியில் 'தீபா பியூட்டி பார்லர்' என்பது தீபாவின் வீட்டு முன்னறைதான். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. ஆம்பூரிலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா விட்டுப்போன வீடு. கணவன் விஜய்க்குச் சாகண் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. புருவம் திருத்த, முடி வெட்ட, நரைக்குக் கறுப்புப் பூச, அந்தச் சந்துப் பெண்களுக்கு வெகுகாலம் தீபாதான்.

எதிர்ச் சாரியில் சோனியா கடை திறந்த நாளிலிருந்து தீபாவின் கண் தன் கடையில் நிற்கவில்லை. சோனியாவும் தமிழ்ப் பெண்தான், பக்கத்துப் போபோடியில் பிறந்தவள், வயதில் சின்னவள். கடைக்கு முழுக்கக் கண்ணாடிக் கதவு, ஏசி. உள்ளே யார் போகிறார்கள், திரும்பும்போது தலை எப்படி இருக்கிறது என்று, ஒருத்தியின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே தீபா பார்ப்பாள். அங்கே போனவர்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோனியா ரோஸ் விளக்குப் போட்டால் இவளும் போட்டாள். அங்கே முடி நேராக்குவதாகப் பலகை வைத்ததும் இவளும் ஒரு டப்பா மருந்தை வாங்கிவந்தாள். அதில் எழுதியிருந்ததைப் பாதிதான் படித்தாள்.

முதலில் உட்கார்ந்தவள் பக்கத்து வீட்டுச் சந்திரிகா. மகன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அங்கதான் போலாம்னு இருந்தேன். நீ கோச்சுக்குவியேன்னு உங்கிட்டயே வந்துட்டேன்" என்றாள்.

மருந்து ஊறிக்கொண்டிருந்தபோது எதிர்க்கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்குவது யார் என்று பார்க்கத் தீபா வெளியே போனாள். திரும்பி வந்தபோது சந்திரிகா தலை எரிகிறது என்று தவித்துக்கொண்டிருந்தாள். அலசிய தண்ணீரோடு முடி கொத்துக்கொத்தாக வந்தது.

சந்திரிகா சண்டைக்கு வரவில்லை. கல்யாணத்தில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டே நின்றாள். மராத்திக்காரச் சம்பந்திகள் அதை மரியாதை என்று நினைத்து மெச்சினார்கள். தீபாவால் பந்தியில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள்.

"இன்னாத்துக்கு அந்த சோனியாவையே பாத்துனு இருக்கிற?" என்றான் விஜய். "உன் கை இன்னா பண்ணுதுன்னு நீ பாக்கலியே. ஒழுங்கா போய்க் கத்துக்க."

மகர்பட்டாவில் ஞாயிறுதோறும் நடந்த முடிச்சாய வகுப்பில் சேர்ந்தாள். ரீனா மேடம் இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்தாள். சுற்றி இருந்ததெல்லாம் காலேஜ் முடித்த பெண்கள். முதல் மாதம் ஒன்றும் ஏறவில்லை. பிறகு, ஒவ்வொரு முடிக்கும் அடியில் ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது என்பது பிடிபட்டது. பயிற்சிக்கு ஒரு ரப்பர் தலை வாங்கினாள். ஷிப்ட் முடிந்து வந்த விஜய், சிலிண்டர் மேல் உட்கார்ந்திருந்த தலையைப் பார்த்து அலறிவிட்டான். தன் முடி, நாத்தனார் முடி என்று யாருடையதையும் விடவில்லை. தினமும் கலந்தாள், பூசினாள், கழுவினாள்.

முடி வளர்ந்ததும் சந்திரிகாவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தீபா முதலில் அடி நிறத்தைப் பார்த்தாள், பிறகுதான் கலந்தாள். நரை தெரியாமல், கறுப்பும் அப்பாமல், தேன் போன்ற ஒரு பழுப்பு இறங்கிற்று. சந்திரிகாவின் மருமகள் அதைப் பார்த்துவிட்டுக் கராடியில் தன்னோடு வேலை பார்க்கும் ஆபீஸ் தோழிகளை அழைத்துவந்தாள். சந்தில் ஸ்கூட்டிகள் நின்றன. எதிர்க்கடைக் கண்ணாடிக் கதவின் சட்டத்துக்கு எப்போதோ பச்சை பூசியிருந்தார்கள். ஒரு வாடிக்கைக்காரி பேச்சுவாக்கில் சொல்லித்தான் தீபாவுக்கே தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் விரல் நுனிகள் அரிக்கத் தொடங்கின. சேற்றுப்புண் என்று நினைத்தாள். தோல் வெடித்தது. கையுறை போட்டாள், அரிப்பு மணிக்கட்டுக்கு ஏறியது. ஒரு காலை இமைகள் வீங்கிக் கண் திறக்கவில்லை.

தோல் டாக்டர் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டிச் சோதித்துவிட்டு, முடிச்சாயத்தில் இருக்கும் மருந்துதான் காரணம் என்றார். தினமும் தொட்டதால் உடம்பு அதை எதிரியாக்கிக்கொண்டுவிட்டது. இனி வாழ்நாளுக்கும் ஆகாது.

தீபா கேட்கவில்லை. இரட்டைக் கையுறையும் முகமூடியுமாக இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினாள். கடைசியில் முகமே வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விஜய் சாய டப்பாக்களை எல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டான்.

செய்தி கேட்டு சோனியா வந்தாள். முதன்முறையாக அந்த வீட்டுக்குள் வந்தாள்.

"அக்கா, நீங்க கலர் தொட வேணாம். சும்மா பக்கத்துல நின்னு என் கடைப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுங்க. உங்க மாதிரி எனக்கே வராது."

தீபா போனாள். அங்கே எதையும் தொடவில்லை, வாயால் மட்டும் சொன்னாள். ஆனால் அந்த வாரமே இமைகள் மறுபடி மூடிக்கொண்டன. பக்கத்தில் நிற்பதற்குக்கூட உடம்பு விடவில்லை. சோனியாவே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். கராடிப் பெண்கள் மெல்ல மெல்லச் சோனியாவின் பச்சைக் கதவுக்குப் போனார்கள். சந்திரிகாவைத் தீபாவே அனுப்பினாள்.

"கத்துக்கினது வீணாப் போவாது" என்று ஒருநாள் விஜய் சொன்னான்.

"சோனியாவையே பாத்துனு இருந்திருந்தா இந்தக் கையாவது நல்லா இருந்திருக்கும்ங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இப்போது சிவாஜிநகரில் ஒரு பள்ளிச் சீருடைக் கடையில் துணி மடிக்கிறாள். காலை பஸ்ஸில் நெரிசல். நேற்று முன்சீட்டில் இருந்த பெண் யாரோ கத்துக்குட்டியிடம் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். வேரில் செம்பட்டை, நுனியில் கரி. அடி நிறம் என்ன, எதை எவ்வளவு கலந்தால் அது சரியாகும் என்று தீபாவின் மனம் தானாகக் கணக்குப் போட்டு முடித்தது. சரியான கணக்குதான். நிறுத்தம் வந்ததும் அந்தப் பெண் எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.