சிரட்டையில் இருந்த சிலந்தித் தோல்

தொண்ணூறுகளில் நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில், மழைக்காக மரத்தில் கட்டிய பிளாஸ்டிக்கின் அடியில், உள்ளங்கை அகலப் பெருஞ்சிலந்தி ஒன்று குடியிருந்தது. மலைக்காடுகளில் அருகிவரும் இனமோ என்று எனக்குச் சந்தேகம். பால் வெட்டுகிறவர் அந்த மரத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்; பால் பிடிக்கக் கட்டிய தேங்காய்ச் சிரட்டை அதில் காலியாக இருந்தது. விடிகாலை மூடுபனியில் அதன் கால்களின் மஞ்சள் மெல்லத் துலங்கியது. அவரும் நானும் சிலந்தியுமாக மூவரும் ஒரே கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது.

இனத்தை உறுதிசெய்ய உடல் வேண்டும் என்று சொல்லி ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன்.

"சாரே, இவ உரிச்சுப் போட்ட சட்டை சிரட்டையில உண்டு. அது போராதா?" என்று அவர் கேட்டார்.

"சட்டைய வச்சு ஆளப் பிடிக்க நான் என்ன போலீஸா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வயிறு நிறைய முட்டையாக்கும் சாரே."

நான் அவர் சொல்லைக் கேட்கவில்லை. ஸ்பிரிட்டில் அது கால்களை மெதுவாக மடக்கிக்கொண்டது.

பெண் சிலந்தி உரித்த தோலின் உட்புறத்திலேயே இனத்தை அறியப் போதுமான அடையாளம் இருக்கும் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அன்று எனக்கு அது தெரியாது. ஆனால் அந்தச் சிரட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதற்கு அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.

அடுத்த மழைக்காலங்களில் தோட்டம் முழுக்கத் தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. அந்த இனத்தைக் காக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினேன். அதில் ஆதாரமாகக் காட்டியது நான் கொன்றவளைத்தான்.