தாடைக்குக் கீழே கை

சிதம்பரத்தில் கருத்தரங்குக்கு முந்தின நாள், ஆராய்ச்சி மாணவர்களான எங்களுக்கு ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார்கள். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். "தாடைக்குக் கீழ கைய வைங்க. வார்த்தையச் சொல்லும்போது தாடை எத்தன வாட்டி கையில இடிக்குதோ, அத்தன அசை" என்றார். இத்தனை வருஷம் படித்த நாங்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி வரிசையாகத் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண்றாவி.

என்னுடைய வார்த்தை பயோஅக்யுமுலேஷன். உடம்புக்குள் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போவது. கடலூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஆற்று மடவை மீனில் அதைத்தான் நான் அளந்திருந்தேன். ஈயம் ஜாஸ்தி. "கருத்தரங்குல பெரியவங்க பாத்து சரின்னு சொல்லட்டும்மா. அதுவரைக்கும் ஊர்ல வாயத் தொறக்காத" என்று என் வழிகாட்டி சொல்லியிருந்தார். ஊர் என்றால் என் வீடும்தான். அப்பா பிடிப்பதும் அம்மா விற்பதும் அந்த மீனைத்தான். தலைப்பிரசவத்துக்கு அக்கா மறுநாள் வீட்டுக்கு வருகிறாள்.

நிபுணருக்கு அதெல்லாம் எதற்கு? என் வார்த்தையைப் பலகையில் துண்டு துண்டாக நறுக்கினார்: ப, யோ, அக், யு, மு, லே, ஷன். "லேயில அழுத்தும்மா! யோவுல அழுத்துனா கேக்கவே அசிங்கமா இருக்கு." மேசையைத் தட்டித் தட்டி அழுத்தினேன். அந்த ஆளுக்கு ஈயம் விஷமில்லை, என் யோதான் விஷம்.

மறுநாள் மேடையில் ஒரு 'லே' கூடத் தவறவில்லை. அட்டவணையைத் திரையில் காட்டி, எங்கள் ஊர்க்காரர்கள் இந்த மீனை இனியும் சாப்பிடலாமா என்று கேட்டு முடித்தேன். முன்வரிசையில் இருந்த பெரிய பேராசிரியர் மைக்கை வாங்கினார். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தேன்.

"கிராமத்துப் பொண்ணு, ஃபாரின்காரங்க மாதிரி பேசுது. எல்லாரும் ஜோரா கை தட்டுங்க!"

தட்டினார்கள். என் வழிகாட்டியும் தட்டினார். சால்வை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். த்தூ! இதற்குப் பெயர் படிப்பாம்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அம்மா ஆசை ஆசையாக அவள் தட்டில் மடவைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா சோற்றில் கை வைப்பதற்குள் தட்டைப் பிடுங்கினேன்.

"ஏன்டி?" என்றாள் அக்கா.

என் ஆராய்ச்சியைப் பற்றி அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.