மிலுங்கா குடித்த கஷாயம்

மிலுங்கா என் மேல்மாடியில் இருப்பவள். இருபத்தாறு வருடப் பழக்கம். வால்யெவோவில் எங்கள் குடியிருப்பில் அவளைப்போல வாயாடியும் இல்லை, அவளைப்போல மனசுள்ளவளும் இல்லை. ரொட்டிக் கடையில் வேலை. மாவை மேசைமேல் வீசி வீசி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுப்பாள். பாலாடைக்கட்டி வைத்து அவள் சுடும் புரெக்குக்காகக் காலை ஏழு மணிக்கே கடை வாசலில் கூட்டம் நிற்கும்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க தினமும் சாயங்காலம் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அறை அமைதியாக இருந்தால் அவள் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். "கடிகாரம் வாங்குற செலவு மிச்சம்" என்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை.

ஐம்பத்தொன்றில் மாதவிடாய் நின்றது. அதோடு உடம்பு கொதிக்கத் தொடங்கியது. கடையில் ஜன்னலைத் திறந்தால் இழுத்த மாவு காய்ந்து நொறுங்கிவிடும் என்று முதலாளி கத்துவார். இவள் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாள். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அவள் கணவன் ராடிஷா கம்பளித் தொப்பி மாட்டிக்கொண்டு படுப்பான். குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடிக்கும், காது போகும், சிறுநீரகம் கெடும் என்பது எங்கள் ஊரில் பால்மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஒருநாள் பஸ்ஸில் அவள் ஜன்னலைத் தள்ளியதும் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"மூடும்மா! காத்து அடிக்குது. எங்களையெல்லாம் கொல்லப் பாக்குறியா?"

"என் எடத்துல வந்து அஞ்சு நிமிஷம் உக்காருங்க ஐயா. வெந்துருவீங்க. யாரு யாரைக் கொல்றாங்கன்னு அப்புறம் பேசலாம்."

பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் ஜன்னலை மூடிவிட்டார்கள்.

வால்வு இருக்கிறவளுக்கு ஹார்மோன் மாத்திரையைச் சட்டென்று கொடுக்க முடியாது, இதய டாக்டரையும் கேட்க வேண்டும் என்று பெண்கள் டாக்டர் சொல்லிவிட்டார். இதய டாக்டரைப் பார்க்க நவம்பரில்தான் தேதி கிடைத்தது. அதுவரைக்கும் என்ன செய்வது? அதுவரைக்குத்தான் நான் இருக்கிறேனே! யாருக்கு என்ன நோய் வந்தாலும் என் ஜாடியில் அதற்கு மருந்து இருக்கிறது என்று நினைக்கிற ஜென்மம் நான். ஜூலையில் யோவான் திருநாளன்று முழங்கால் வலியோடு பொவ்லென் மலையேறி, கன்டாரியோன் பூவைப் பறித்துவந்து நிழலில் உலர்த்தினேன். நரம்புத் தளர்ச்சிக்கும் தூக்கத்துக்கும் எங்கள் பெண்கள் குடிக்கிற மஞ்சள் பூ அது. அவள் வேலை முடிந்து வந்ததும் ஒரு கோப்பை, சாயங்காலம் ஒரு கோப்பை. பானையை நானே மாடிக்குக் கொண்டுபோவேன்.

ஆகஸ்ட் பரிசோதனையில் அவள் எண் இறங்கியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற அந்த எண் இரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தம் உறைந்து வால்வில் அடைத்துக்கொள்ளலாம், பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். மாதாமாதம் ரத்தம் பார்க்கிற டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். செப்டம்பரில் ஒன்று புள்ளி ஆறுக்கு இறங்கியது.

"கொஸானா, மாத்திரைய விட்டுடறீங்களான்னு டாக்டரம்மா என்னைக் கேட்டாங்கடி" என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள் மிலுங்கா. "ஒம்பது வருஷமா ஒழுங்கா முழுங்கறவளைப் பாத்து! வீட்டுக்கு வந்தா இந்த மனுஷன், வாயைத் திற, நாக்கைத் தூக்குங்கறான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த முறை டாக்டரை ஒரு கை பார்ப்பது என்று அவளோடு கிளம்பினேன்.

டாக்டரம்மா பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டினார். "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

"பிரஷர் மாத்திரை. வேற ஒண்ணுமில்ல."

அப்போதே மிலுங்காவுக்கு முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். டாக்டரம்மா கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டார். படித்திருந்தால் என்ன, அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

"இப்படி வந்தா ராத்திரி எப்படித் தூங்கறீங்க?"

மிலுங்கா என்னைப் பார்த்தாள். "இப்பக் கொஞ்சம் பரவால்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா பரவால்லயா? எல்லாம் என் கஷாயம் டாக்டரம்மா! தினம் ரெண்டு வேளை, ஜூலையிலேருந்து ஒரு நாள் தவறல. நான் பக்கத்துல உக்காந்து குடிக்க வைக்கிறேன்."

"என்ன கஷாயம்?"

"கன்டாரியோன். நானே பறிச்சது, கலப்படமே கிடையாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வேற மருந்து இல்லன்னு சொன்னீங்களே?"

"அது மருந்தா? கஷாயம்" என்றாள் மிலுங்கா. என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"அந்தப் பூ உங்க மாத்திரைய வேலை செய்ய விடாது. நான் கூட்டக் கூட்ட அது தள்ளி விட்டுக்கிட்டே இருந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. பிறகு மிலுங்காவைப் பார்த்து, "உங்களைச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். கஷாயத்தை நிறுத்தியதும் கூட்டிய மாத்திரை அளவு மீறி வேலை செய்து ரத்தப்போக்கு வரக்கூடும், அதனால் எண் நிலைக்கு வரும்வரை சில நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதிக் கொடுத்தார். வால்வில் ரத்தக்கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க அப்போதே படம் எடுக்க அனுப்பினார்.

நடைக்கூடத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சண்டை போட வந்தவள் நான். கதவு திறக்கும் போதெல்லாம் எழுந்து நின்றேன். நான் ஆசையோடு காய்ச்சிக் கொடுத்ததே அவளுக்கு எமனாகிவிடுமோ என்று பயந்தேன். தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன்.

மிலுங்கா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தாள். "சுத்தமா இருக்காம்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "உன்னைக் கொன்னிருப்பேன்டி."

"என் நாத்தனாரும் இருபது வருஷமா பாக்கறா, முடியல. நீ மூணே மாசத்துல முடிக்கப் பாத்த. கெட்டிக்காரிதான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தூக்கத்துக்காவது அது உதவுச்சில்ல?"

"ஒரு நாள்கூட உதவல. வியர்வையும் குறையல. வைக்கோலை வேகவச்ச மாதிரி ஒரு கசப்பு, கருமம்."

"அப்ப ஏன்டி குடிச்ச?"

அவள் கைக்குட்டையால் முதலில் தன் கழுத்தையும் பிறகு என் கன்னத்தையும் துடைத்தாள். "உன் மகன் வியன்னாவுக்குப் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நீ யார் வீட்டுக் கதவையும் தட்டல. அந்தப் பானை கைக்கு வந்தப்புறந்தான் தினம் ரெண்டு தடவை மேல ஏறி வந்த. வேணாம்னு சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

பஸ் வரும்வரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கும் வா" என்றாள். "வெறுங்கையோட வா."