நாக்கில் வைத்த செந்தூரம்

திருநெல்வேலியில் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் பாதியில் நின்றவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் புனேக்கு வந்து சாங்வியில் ஒரு அறையும் சமையற்கட்டுமாகக் குடியேறினோம். வண்டிப் பாகங்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் எனக்கு வேலை. அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று என் வீட்டுக்காரி கேட்கவே மாட்டாள். நான் மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பிள்ளை ஒன்றைத் தவிர. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தெருமுனை மாருதி கோயிலில் அவள் நின்றாள். நானும் நின்றேன். ஆள் உயரத்துக்குச் செந்தூரம் அப்பி, இரண்டு வெள்ளிக் கண் மட்டும் தெரிய நிற்பார் அந்த மாருதி. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறவரை சனிக்கிழமைதோறும் உனக்குச் சாத்துகிற செந்தூரம் எங்கள் வீட்டுச் செந்தூரம் என்று அங்கேயே வேண்டிக்கொண்டோம்.

வேண்டுதலில் குறை வைக்கிற ஆட்கள் இல்லை நாங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைச் செந்தூரத்தை அவள் ரவை சலிக்கிற சல்லடையில் சலிப்பாள். நான் எண்ணெய் விட்டு வெறுங்கையால் பிசைவேன். ஸ்பூனால் கிளறினால் பக்தி குறைந்துவிடும் என்று எண்ணம். சனிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தால், பூசாரி காக்கா (மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா) அதைச் சாத்திவிட்டு ஒரு துளியை இலையில் மடித்துத் தருவார். வீட்டுக்கு வந்ததும் இருவரும் நெற்றியில் இட்டுக்கொள்வோம். விரலில் மிஞ்சியதை நாக்கில் வைத்துக்கொள்வோம். விபூதிக்கு அப்படித்தானே செய்து பழக்கம்? சிறு வயதில் காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் ஒரு சிட்டிகை விபூதி வாய்க்குள் போகும். பிரசாதம் என்றால் வாய் தானாகத் திறந்துவிடும் எங்களுக்கு.

புனேயில் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், பொறுமையாகப் பார்ப்பார் என்று ஷெட்டில் ஒருவர் சொன்னார். போனோம். அவர் ஹிந்தியில் முதலில் கேட்டது என்னைத்தான்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

பிள்ளை கலைந்தது இவளுக்கு, கேள்வி எனக்கா என்று திகைத்துப்போய்ச் சொன்னேன். இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இருவர் ரத்தத்திலும் ஈயம் இருக்க வேண்டியதைவிட நிறைய இருந்தது.

"பெயிண்ட்ல ஈயம் இருக்கும். உங்க உடம்புல ஏறும், சட்டையில ஒட்டி வீட்டுக்கும் வரும். ஆம்பளைக்கு விந்து கெடும். பொம்பளைக்கு எலும்புல போய் உட்காரும். கர்ப்பமானா அங்கேருந்து கிளம்பி நேரா குழந்தைகிட்ட போகும். கலையறதுக்கு வேற காரணமும் இருக்கலாம். ஆனா இது இருக்கும்போது நான் வேற எதையும் தேட மாட்டேன். கலையாம பிறந்தாலும் உட்காரறது, பேசறது, படிக்கறது எல்லாத்துலயும் அது கை வைக்கும்."

அன்று முதல் ஷெட்டிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, செருப்பையும் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். தலை சீவிப் பவுடர் போட்டு வெளியே வந்தால், "நவர்தேவ் கிளம்பியாச்சு, மேளம் எங்கேப்பா?" என்பார்கள். நவர்தேவ் என்றால் மராட்டியில் கல்யாண மாப்பிள்ளை. மூன்று மாதம் தினமும் மாப்பிள்ளையாக வீடு போனேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். எனக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவளுக்கு ஏறியிருந்தது.

டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். "இவங்க ஷெட் பக்கமே வர்றதில்ல. அப்படின்னா சரக்கு உங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. வாயில படறது, தோல்ல படறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அடுத்த தடவை கொண்டாங்க."

ஈயம் என்றதும் நான் முதலில் பார்த்தது ரசம் வைக்கிற ஈயச் சொம்பை. அதைப் பையில் வைக்கப் போனேன்.

"அது எங்கம்மா சீராக் குடுத்தது. உங்க பெயிண்டுக்கு எங்கம்மா மேல பழியா?"

"டாக்டர் எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னாங்கள்லா?"

"அப்பம் உங்கம்மா குடுத்த ஊறுகாயையும் எடுத்து வைங்க!"

ஊறுகாயும் போயிற்று. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், கண் மை, பல்பொடி, தலைவலித் தைலம் என்று பை நிறைந்துவிட்டது. சாமி அலமாரியை மட்டும் இருவரும் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டாக்டர் சொன்ன நாள் சனிக்கிழமையாக அமைந்தது. மாருதியைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறினோம். பையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் சாமான்களைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்.

"நகத்துக்குள்ள என்னங்க ஆரஞ்சு கலர்? குளிச்சிட்டுத்தான் வர்றேன்னு சொன்னீங்களே?"

"அது பெயிண்ட் இல்ல மேடம். சாமி."

"சாமியா?"

வேண்டுதலை விவரமாகச் சொன்னேன். பிசைவது வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாக்கில் வைப்பதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிடுவீங்களா?"

"கொஞ்சூண்டுதான் மேடம்," என்றாள் என் வீட்டுக்காரி. "நாக்குல வச்சது போக மிச்சத்த இவங்க துடைச்சிருவாங்க. நான் வீணாக்க மாட்டேன், இலையில ஒட்டினதையும் வழிச்சிருவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அந்த அம்மாவை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். மாருதிக்குச் சாத்துகிற செந்தூரத்தில் ஈயத்தைச் சுட்டுச் செய்வதும் உண்டு என்றார். வீட்டில் மிச்சம் இருப்பதைப் பொட்டலமாகக் கொண்டுவரச் சொன்னார். சோதித்துப் பார்த்ததில் அதுதான் என்று தெரிந்தது. மஞ்சள், மிளகாய், மை, ஊறுகாய் எல்லாம் தப்பித்தன. ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயம், குற்றமற்றது என்று விடுதலையாகி வந்தது. அதை அவள் இரண்டு நாள் சொல்லிக்காட்டினாள்.

மூன்றாவது நாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "புள்ள வேணும்னு கேட்டுத்தானே வச்சோம்? அதுவே புள்ளைக்கு ஆகாதுன்னா, சாமி பாத்துக்கிட்டு இருந்துச்சா?"

"சாமி நம்மளத் திங்கச் சொல்லலியே" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் வேண்டுதல் பாக்கி நிற்கிறதே! பிள்ளை பிறக்கிறவரை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. சாத்தினால் பிள்ளை தங்காது, சாத்தாவிட்டால் வாக்குத் தவறும். அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு போய்க் காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அரே தேவா, தின்னீங்களா?" காக்காவின் குரலில் கோயில் மணியே ஆடிற்று. "நாப்பது வருஷமா இங்க இருக்கேன். செந்தூரத்தைத் தின்ன ஜாதியை இப்பத்தான் பாக்கறேன்! நெத்தியில வைக்கத்தானேப்பா குடுத்தேன்?"

"எங்க ஊர்ல விபூதிய..."

"உங்க ஊர்ல இன்னும் என்னென்ன தின்பீங்க? மணியை விட்டு வைப்பீங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அது போகட்டும். பிள்ளை வரம் கேக்க உனக்கு வேற தெய்வமே கிடைக்கலியா? இவரு பிரம்மச்சாரிப்பா. அவருக்கு என்ன தெரியும், பாவம்!"

நான் மாருதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காக்கா என் முதுகில் தட்டினார். "பயப்படாதே. சனிக்கிழமைக்கு எருக்கிலை மாலையும் எண்ணெயும் கொண்டா. செந்தூரத்தைவிட அதுதான் அவருக்கு இஷ்டம். வாக்கு மாறலே, சாமான்தான் மாறிச்சு. நான் சொல்லிக்கறேன் அவர்கிட்ட."

சொல்லியும்விட்டார், என் முன்னாலேயே, மராட்டியில், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல. அடுத்த வாரம் காக்காவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிப் போனேன். சாமியைக் கையுறையோடு தொடுவதா என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் பிசைவதற்குக் குச்சி எடுத்துக்கொண்டார்.

சல்லடையைத் தூக்கிப் போட்டோம். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தோம். பால், கீரை, இரும்பு மாத்திரை என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. ரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் அவள் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு போவாள். இரண்டு பேருக்கும் இறங்கியது. இனிமேல் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அவள் மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் முழுவதும் நான் சிரிக்கவே இல்லையாம், அவள் சொல்லுவாள். நான்காம் மாதம் பிறந்ததும் ஷெட்டுக்கே பேடா வாங்கிப் போனேன். பெண் பிறந்தாள். அதற்குப் பிறகும் டாக்டர் விடவில்லை. எப்போது தலை நின்றது, எப்போது உட்கார்ந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாம் அந்தந்த மாதத்தில் நடந்தது. பேச்சு மட்டும் முன்கூட்டியே வந்து இன்றுவரை நிற்கவில்லை, அதுவும் மராட்டியில்.

குழந்தைக்குப் பத்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை, பிள்ளையைக் காட்டி வேண்டுதலை முடிக்கக் கடைசி எருக்கிலை மாலையோடு மூவரும் போனோம். காக்கா குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் ஆரஞ்சுக் கட்டை விரலோடு நெற்றிக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரி சட்டென்று முந்தானையால் குழந்தையின் நெற்றியை மூடினாள். காக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு விரலைப் பின்னால் மறைத்தார். மாருதியின் கழுத்து மாலையிலிருந்து ஓர் எருக்கிலையைக் கிள்ளி, ஆசீர்வாதமாகக் குழந்தையின் கையில் கொடுத்தார்.

அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு எங்கள் வம்சத்துப் பிள்ளையாக, நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.

எருக்கம்பால் ஆகாதே! "ஏய்!" என்று நானும், "ஐயோ, துப்பு!" என்று என் வீட்டுக்காரியும், "அரே, நக்கோ நக்கோ, வேண்டாம்!" என்று காக்காவும் ஒரே நேரத்தில் கத்தினோம். மூன்று பேரின் கைகளும் சேர்ந்து போய் இலையைப் பிடுங்கின. குழந்தை எங்களைப் பார்த்து நிதானமாகச் சிரித்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.